சிறுநீரகமும் எமது சாப்பாட்டுக் கோப்பையும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது எம் முன்னோர் வாக்கு. அது பொய்யல்ல. ஆனால் உப்புக் கூடிய பண்டம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை அந்தப் பழமொழி சொல்லவில்லை. இன்று வைத்தியசாலைகளின் சிறுநீரக கிளினிக்குகளில் வரிசையாக அமர்ந்திருப்பவர்களில் பலர் மண்வெட்டி பிடித்த கைகளை உடையவர்கள். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம், இயந்திரத்தின் துணையோடு இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு கமம் செய்ய முடியுமா? சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், பஸ் காசுக்கும் கூடப் போகிறவரின் இழந்த கூலிக்கும் நகை அடகு போகிறது. பிறகு காணியும் போகிறது. ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இன்னுமொரு முறை இழக்கலாகாது. அதனாலேயே இவ்விதழில் சிறுநீரகத்தைப் பற்றியும், அதைக் காக்கும் உணவைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

எமது முதுகுப் பக்கத்தில், விலா எலும்புகளுக்குச் சற்றுக் கீழே, முள்ளந்தண்டின் இருபுறமும் அவரை விதையின் வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உண்டு. இவை ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, கழிவை மாத்திரம் ஒன்று அல்லது இரண்டு லீற்றர் சலமாக வெளியே அனுப்புகின்றன. உடம்பிலுள்ள உப்பின் அளவையும் நீரின் அளவையும் இரத்த அமுக்கத்தையும் சமப்படுத்துவதும், இரத்தம் ஊறுவதற்குத் துணை செய்வதும் இவற்றின் வேலையே.

இவை அமைதியான வேலைக்காரர்கள். பாதிக்கு மேல் பழுதுபட்ட பின்னும் நோவு காட்டமாட்டா. கால் வீக்கம், களைப்பு, பசியின்மை, இரவில் அடிக்கடி சலம் போதல் ஆகியவை தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நாட்பட்ட நோயால் அழிந்த வடிகள் திரும்ப முளைப்பதில்லை. எனவே மருந்தைத் தேடுவதற்கு முன்னர் காவலைத் தேட வேண்டும். அந்தக் காவல் அடுப்படியில் தொடங்குகிறது.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

இடம்பெயர்வு எம்மிடமிருந்து வீட்டையும் வயலையும் மாத்திரம் எடுக்கவில்லை; எமது சாப்பாட்டையும் மாற்றியது. வீட்டுக் கோடியில் முருங்கை, வேலியோரம் பசளி, கிணற்றடியில் வாழை, மாலில் குரக்கனும் பயறும் என்று இருந்த குடும்பங்கள், முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய், தகரமீன் என்று நிவாரணத்தில் வந்ததைச் சாப்பிட்டுப் பழகின. பசியைத் தணித்த அந்த உதவியை நாம் குறை கூறவில்லை. ஆனால் 2009 இல் போர் முடிந்து, 2012 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட பின்னரும், அந்தச் சாப்பாட்டு முறை பல வீடுகளில் நிலைத்துவிட்டது. காலையில் பாணும் சீனித் தேநீரும், மதியம் சோறும் கருவாடும், இரவில் ரொட்டியும் சம்பலும் என்றால், கோப்பையில் பச்சை நிறத்தையே காணோம்.

இன்னொன்றும் உண்டு. தாயின் வயிற்றில் போதிய போசாக்கு இல்லாமல் 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, சிறுநீரக வடிகளின் எண்ணிக்கையே குறைவாக இருக்கக்கூடும். பிறந்த பின் அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. இடம்பெயர்ந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து தொழில் செய்கிறார்கள், பெற்றோராகவும் இருக்கிறார்கள். சிறிய எடையோடு பிறந்தவர்கள் உப்பிலும் இரத்த அமுக்கத்திலும் மற்றவர்களைவிடக் கூடிய கவனமாக இருக்க வேண்டும். கருவுற்ற தாய்மாருக்கு வீட்டில் முதற் கோப்பை போடப்பட வேண்டியதும் இதனாலேயே.

உப்புக்கு ஒரு கணக்கு

சிறுநீரகத்தைப் பழுதாக்கும் முதன்மையான இரண்டு நோய்கள் சலரோகமும் (நீரிழிவு) உயர் இரத்த அமுக்கமும் ஆகும். இரத்த அமுக்கத்தை உயர்த்துவதில் உப்புக்குப் பெரும் பங்குண்டு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி. எம்மில் பெரும்பாலானோர் அதைவிடக் கூடுதலாகவே உண்கிறோம்.

உங்கள் வீட்டின் அளவை அறிய தராசு தேவையில்லை. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்கு 25 கிராம் உப்பு பாவிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோ உப்புப் பைக்கற் 40 நாட்களுக்கு வர வேண்டும். பைக்கற்றை உடைத்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். 25 நாளில் முடிந்துவிட்டால் நீங்கள் உண்பது அளவுக்கு மிஞ்சிய உப்பு. கருவாடு, தகரமீன், பாண், ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி, நூடில்ஸ் பைக்கற்றுக்குள் இருக்கும் தூள் ஆகியவற்றில் வரும் உப்பு இந்தக் கணக்கில் சேராது. அவற்றை உண்ணும் வீட்டில் அந்தப் பைக்கற் 40 நாளையும் தாண்டி வர வேண்டும். சிறு பிள்ளைகளுக்கோ பெரியவர்களின் அளவும் தேவையில்லை.

குறைப்பது எப்படி? ஒரே நாளில் குறைத்தால் சாப்பாடு வாய்க்கு வராது. வீட்டில் சண்டைதான் வரும். ஒவ்வொரு கிழமையும் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும். சோறு அவிக்கும்போது உப்புப் போடுவதை முதலில் நிறுத்தலாம். தேசிக்காய், கொறுக்காய்ப்புளி, மிளகு, உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பில் ஒரு பகுதி போய்விடும். உப்புச் சிரட்டையையோ போத்தலையோ சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே வையுங்கள்.

"வெயிலில் வேர்க்கிறவனுக்கு உப்பு வேண்டாமா?" என்று கமக்காரர் கேட்பது நியாயம். சாதாரணமாக மூன்று வேளை உண்பவருக்கு உணவில் உள்ள உப்பே பெரும்பாலும் போதும். வேர்வையில் கூடுதலாகப் போவது தண்ணீர்தான்.

சீனியும் மாவும்

ஒரு குவளை தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு நாளைக்கு ஐந்து தேநீர் என்றால் பத்துத் தேக்கரண்டி. அதாவது ஏறத்தாழ 40 முதல் 50 கிராம். ஆறு தேக்கரண்டிக்கு, அதாவது 25 கிராமுக்கு உட்பட்டிருப்பதே நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. சீனியும் வெள்ளை மாவும் நேராகச் சலரோகத்தைக் கொடுப்பதில்லை. ஆனால் உடற்பருமனைக் கூட்டி, சலரோகத்துக்கு வழி திறந்துவிடும். சலரோகம் வந்து இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்காகக் கூடியிருந்தால் அது சிறுநீரக வடிகளைச் சிதைக்கும். அப்போது சலத்தில் புரதம் ஒழுகத் தொடங்கும்.

மாற்று எம்மிடமே இருக்கிறது. தவிட்டோடு கூடிய சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, அவித்த பயறு அல்லது கௌபி, முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், சிறு மீன் ஆகியவை எமது பழைய சாப்பாடு. நலமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இவற்றைவிடச் சிறந்த பத்தியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொந்தக் காணி இல்லாதவர்களும் பழைய உரப்பைகளில் மண் நிரப்பிக் கீரை போடலாம். முருங்கைத் தடி ஒன்றை நட இரவல் காணியும் போதும்.

தண்ணீர்: எவ்வளவு? எங்கிருந்து?

1990களில் வடமத்திய மாகாணத்தின் மெதவாச்சி, பதவியா போன்ற பகுதிகளில், சலரோகமோ உயர் இரத்த அமுக்கமோ இல்லாத நெற்செய்கையாளர்களிடம் ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் பரவுவதை வைத்தியர்கள் கவனித்தனர். பின்னர் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இது காணப்பட்டது. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும், இந்தியாவின் ஆந்திர மாநிலத்து உத்தானம் பகுதிக் கமக்காரரிடமும் இதையொத்த நோய் உண்டு. கடினத்தன்மையும் புளோரைட்டும் கூடிய கிணற்று நீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் வற்றும்வரை உழைப்பது எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஆய்வாளர் எல்லோரும் ஒரே காரணத்தில் ஒன்றுபடவில்லை. ஆனால் அவர்கள் ஒன்றுபடும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் எம்மால் இயன்றவரை விலக்கலாம்.

முதலாவது, வெயில். விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலில் நிழலில் இருங்கள். வயலுக்குப் போகுமுன் தண்ணீர் குடியுங்கள். போகும்போது போத்தலில் கொண்டு போங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே குடியுங்கள். சலத்தின் நிறமே அளவுகோல். வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் போதும். கடுந்தேநீரின் நிறத்தில் போனால் உடம்பில் தண்ணீர் குறைவு. பழங்கஞ்சியும் மோரும் நல்லவை. கள்ளும் கசிப்பும் தண்ணீரின் இடத்தை நிரப்பா.

இரண்டாவது, கிணறு. கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு தடிப்பாகக் கட்டினால் அந்த நீர் கடினமானது. அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடுகளோ கபில நிறக் கறையோ தெரிந்தால் புளோரைட்டு கூடியிருக்கலாம். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவும் செய்யும். பல ஆண்டுகள் பாவனையின்றிக் கிடந்த கிணற்றுக்குத் திரும்பியவர்கள், இறைத்துத் துப்புரவாக்கியதோடு நில்லாமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே குடிக்க வேண்டும். கூரையில் விழும் மழைநீரை, முதல் மழையை ஓடவிட்டுப் பின்னர் மூடிய தொட்டியில் சேர்த்தால், குடிக்கவும் சமைக்கவும் நல்ல நீர் கிடைக்கும். அதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

மூன்றாவது, நஞ்சு. மருந்தடித்த கையோடு வெற்றிலை போடுவதையும், பூச்சிமருந்துப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவதையும் அறவே நிறுத்த வேண்டும்.

தானியூப் நதிக்கரையில் ஒரு பாண்

உணவிலேயே நஞ்சு ஒளிந்திருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, எம்மைப் போன்ற கமக்காரரின் கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவின் தானியூப் நதியின் கிளையாறுகளை அண்டிய பல்கேரியா, சேர்பியா, குரோசியா, பொஸ்னியா, ருமேனியா நாட்டுக் கிராமங்களில் கமக்காரக் குடும்பங்கள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. 1950களில் இது வைத்திய உலகுக்குத் தெரியவந்தது. ஒரு கிராமத்தில் நோய் இருக்கும். அயற் கிராமத்தில் இராது. ஒரே வீட்டில் பலருக்கு வரும். பரம்பரை நோய் என்றனர் சிலர். கிணற்று நீர் என்றனர் வேறு சிலர்.

கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த ஒரு கொடியின் விதைகள் அறுவடையோடு கலந்து, மாவாக அரைபட்டு, வீட்டுப் பாணில் சேர்கின்றன என்ற கருத்து 1969 இல் முன்வைக்கப்பட்டது. அப்போது அதைப் பலர் கவனிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் தலைநகரான பிரசல்ஸில், உடல் மெலிவதற்கு மூலிகை மருந்து உண்ட பல பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. அந்த மருந்தில் அதே தாவரக் குடும்பத்து மூலிகை கலந்திருந்தது. அதன்பின் ஆய்வுகள் மும்முரமாகி, அத்தாவரத்தின் அரிஸ்ரோலோக்கிக் அமிலமே நதிக்கரை நோய்க்கும் காரணம் என்பதற்கு 2007 இல் வலுவான சான்று கிடைத்தது. நாள்தோறும் உண்ட சிறிதளவு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து செய்த வேலை அது.

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. அந்தத் தாவர இனத்தைச் சேர்ந்த ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் எமது மண்ணிலும் வளர்கின்றன. நாட்டு வைத்தியத்திலும் பாவிக்கப்பட்டு வந்தவை. இவற்றை அவித்துக் குடிக்க வேண்டாம். மூலிகை என்றால் தீங்கு செய்யாது என்ற எண்ணம் தவறானது. அதேபோல, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியும் காமரங்காயின் சாற்றையும், பிலிம்பிக்காய்ச் சாற்றையும் சலரோகத்துக்கும் கொழுப்புக்கும் மருந்தென்று வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். இவற்றில் ஒட்சலேற்று மிகுதி. இச்சாறுகளால் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தமையை வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். காமரங்காயால் எமது நாட்டிலும் அவ்வாறு நிகழ்ந்துள்ளது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் காமரங்காயைத் தொடவே கூடாது.

உடல் உழைவுக்குக் கடையில் வாங்கிப் போடும் குளிசையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டியது. டைக்குளோபினக், இபுபுரோபன் போன்ற நோக் குளிசைகளை, தண்ணீர் குறைந்த உடம்போடு அடிக்கடி பாவித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

கல் வராமல் காக்க

சிறுநீரகக் கல் எம் வறண்ட பிரதேசங்களில் பலரையும் வருத்தும் நோய். "பால் குடிக்காதே, கல்சியம் கூடிக் கல் வரும்" என்று சொல்வதைக் கேட்கிறோம். உண்மை அதற்கு மாறானது. உணவோடு சேரும் கல்சியம், கீரையிலுள்ள ஒட்சலேற்றைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். பாலையும் தயிரையும் சிறு மீனையும் நிறுத்துபவருக்கே கல் வரும் வாய்ப்புக் கூடும். கல் வந்தவர்கள் செய்ய வேண்டியவை வேறு: நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்கு மேல் சலம் போகுமளவுக்குத் தண்ணீர் குடித்தல், உப்பைக் குறைத்தல், இறைச்சியை மட்டாக உண்ணுதல், சீனியும் உப்பும் சேராத தேசிக்காய்த் தண்ணீர் குடித்தல்.

நோய் வந்தபின் பத்தியம் வேறு

இதுவரை சொன்னவை சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கு. நோய் முற்றியவர்களுக்குச் சில நல்ல உணவுகளே பகையாகும். இளநீர், வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை ஆகியவற்றிலுள்ள பொற்றாசியத்தைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. அது இரத்தத்தில் கூடினால் இதயம் திடீரென நின்றுவிடலாம். வருத்தக்காரரைப் பார்க்கப் போகும்போது அன்போடு கொண்டுபோகும் இளநீரே உயிருக்கு ஆபத்தாகக்கூடும். மரக்கறிகளைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பொற்றாசியம் குறையும். தண்ணீரையும்கூட அளந்து குடிக்க வேண்டிய நிலை வரலாம். இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றின் அளவையும் வைத்தியரே சொல்ல வேண்டும். தாமாகவே எல்லாவற்றையும் விலக்கிப் பட்டினி கிடந்து உடல் மெலிபவர்களும் உண்டு. அதுவும் தீங்கே. அயல் வீட்டு நோயாளியின் பத்தியம் உங்களுக்குப் பொருந்தாது.

இப்போதே செய்யக்கூடியவை

நாற்பதைத் தாண்டியவர்களும், சலரோகமோ உயர் இரத்த அமுக்கமோ உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவர்களும், நோய் பரவிய பகுதிகளில் கமம் செய்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மூன்று பரிசோதனைகளைச் செய்ய வேண்டும். இரத்த அமுக்கம் பார்த்தல், சலத்தில் புரதம் பார்த்தல், இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்தல் என்பனவே அவை. அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் காசு இல்லை. ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டால் உணவாலும் குளிசையாலும் நோயைப் பல ஆண்டுகள் தடுத்து வைக்கலாம்.

மாதர் சங்கங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் உப்புப் பைக்கற் கணக்கை ஒரு மாதம் எல்லா வீடுகளும் சேர்ந்து செய்து பார்க்கலாம். தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறோம். அத்தோடு கருவாட்டையும் உப்பையும் குறைப்பதும் நல்ல ஒறுத்தலே. கிராமத்துக் கிணறுகளின் பட்டியலைத் தயாரித்து, நீரைப் பரிசோதித்துத் தருமாறு பிரதேச சபையிடமும் சுகாதாரப் பகுதியினரிடமும் ஒன்றாகக் கேட்கலாம். தனி ஒருவரின் கடிதம் மேசையில் கிடக்கும். ஐம்பது குடும்பங்களின் கையெழுத்து கிடக்காது.

காணி திரும்பக் கிடைக்கும் நாள் எம் கையில் இல்லாதிருக்கலாம். அந்தக் காணியில் இறங்கி உழைக்கும் உடம்பைக் காத்து வைத்திருப்பதில் பெரும்பகுதி எம் கையில் இருக்கிறது. இன்றைய உலையில் போடும் உப்பிலிருந்து அதைத் தொடங்குவோம்.